‘ஒன்றுமில்லை’ என்று எழுதப் பழகியவர்கள்

சற்று நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

2015 செப்டெம்பர் 14, திங்கட்கிழமை. இலங்கை நேரம் பிற்பகல் 3.20. நம் ஊர்களில் அஸர் நேரம். அந்த நிமிடத்தில் ஓர் அலை நம் எல்லோரையும் ஊடுருவிக் கடந்து போனது. வீடுகளும் வயல்களும் கடலும் நம் உடம்புகளும் ஒரு கணம் நீண்டு சுருங்கின. ஓர் ஆளின் உயரத்தில் ஏற்பட்ட மாற்றம் அணுக்கரு ஒன்றைவிடப் பல இலட்சம் மடங்கு சிறியது. ஆகவே யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று 3,000 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இரண்டு கருவிகளுக்கு மட்டும் தெரிந்தது. அவற்றை நடத்தும் விஞ்ஞானிகள் குழுவின் பெயர் லைகோ. அவர்கள் பிடித்தது ஈர்ப்பு அலை. 1.3 பில்லியன் ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது கிளம்பிய அலை அது. இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசும் வந்தது.

இந்த வெற்றியைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நாம் இங்கே எழுதுவது அதற்கு முந்திய அரை நூற்றாண்டைப் பற்றி. அதில் பெரும்பகுதி, எதுவும் கிடைக்காத வரலாறு. ஆனால் கிடைத்தபோது உலகம் அவர்களை ஏன் நம்பியது என்பதற்கான விடை அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

ஐன்ஸ்டைனும் தடுமாறிய விடயம்

ஐன்ஸ்டைன் 1915 இல் பொதுச் சார்புக் கொள்கையை முன்வைத்தார். திணிவுள்ள பொருட்கள் தம்மைச் சுற்றியுள்ள வெளியை வளைக்கின்றன, அந்த வளைவைத்தான் நாம் ஈர்ப்பு என்கிறோம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே அவர் இன்னொன்றைச் சொன்னார். பெரும் திணிவுகள் வேகமாகச் சுழன்றால், குளத்தில் கல் விழுந்ததுபோல, வெளியிலேயே அலைகள் கிளம்பும். ஆனால் அவை மிகவும் பலவீனமானவை.

பின்னர் அவருக்கே சந்தேகம் வந்தது. 1936 இல், இப்படியான அலைகள் கிடையாது என்று சொல்லும் கட்டுரை ஒன்றை நேதன் ரோசன் என்பவருடன் சேர்ந்து எழுதி, அமெரிக்க ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை இன்னொரு விஞ்ஞானியிடம் பரிசீலனைக்குக் கொடுத்தார். கணக்கில் வழு இருப்பதாகப் பதில் வந்தது. அச்சுக்கு முன் தன் கட்டுரையை வேறொருவருக்குக் காட்டியதற்காக ஐன்ஸ்டைன் கோபப்பட்டு அதைத் திரும்பப் பெற்றார். ஆயினும் வழு இருந்தது உண்மை. மறு ஆண்டு வேறோர் இதழில் கட்டுரை வெளிவந்தபோது முடிவு மாற்றப்பட்டிருந்தது. உலகப் புகழ்பெற்றவரின் கணக்கையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி இந்தத் துறையில் அன்றிலிருந்தே இருக்கிறது.

வெபரின் உருளைகள்

அலை இருக்கிறதா என்று காகிதத்தில் வாதாடிக்கொண்டிருந்தவர்களிடையே, கருவி கட்டிப் பார்ப்போம் என்று முதலில் இறங்கியவர் ஜோசப் வெபர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர். அவர் பணியாற்றிய லெக்சிங்டன் என்ற போர்க்கப்பல் 1942 இல் பவளக் கடல் சமரில் மூழ்கியது. அதில் உயிர் தப்பினார். போருக்குப் பின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவரது கருவி எளிமையானது. ஒரு தொன்னுக்கு மேல் எடையுள்ள அலுமினிய உருளை. அதைக் கம்பியில் தொங்கவிட்டு, காற்றகற்றிய தொட்டிக்குள் வைத்தார். மணி ஒன்றைத் தட்டினால் அது தன் இயல்பான மீடிறனில் ஒலிக்கும். அதுபோல, பொருத்தமான மீடிறனுள்ள ஈர்ப்பு அலை கடந்து போனால் உருளையும் பரிவுற்று மெல்ல அதிரும். அந்த அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பளிங்குகளை உருளையின் நடுவில் சுற்றி ஒட்டினார்.

பக்கத்து வீதியில் லொறி போனாலும் உருளை அதிரும் அல்லவா? அதற்கும் வழி கண்டார். இன்னோர் உருளையைச் சிக்காகோவுக்கு அருகில், சுமார் 1,000 கிலோமீற்றர் தள்ளி வைத்தார். இரண்டும் ஒரே நேரத்தில் அதிர்ந்தால்தான் கணக்கில் எடுப்பார். தற்செயலாக எத்தனை தடவை இரண்டும் சேர்ந்து அதிரும் என்று அறிவதற்கு, ஒன்றின் பதிவைச் சிறிது நேரம் தள்ளி வைத்து மற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும்.

1969 இல் வெபர் அறிவித்தார்: ஈர்ப்பு அலைகளைக் கண்டுவிட்டேன். உலகமே திரும்பிப் பார்த்தது. 1972 இல் அப்பலோ 17 விண்கலம் அவரது கருவி ஒன்றைச் சந்திரனுக்கே கொண்டு போனது. மொஸ்கோ, மியூனிக், கிளாஸ்கோ, ரோம், நியூஜேர்சி என்று பல இடங்களில் விஞ்ஞானிகள் உருளைகளைக் கட்டிப் பார்த்தார்கள்.

எவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

கணக்கும் இடித்தது. வெபர் சொன்ன அளவுக்கு அலைகள் வருவதென்றால், நமது பால்வீதி ஒவ்வோர் ஆண்டும் பெருந்தொகையான சூரியன்களுக்குச் சமமான திணிவை இழக்க வேண்டும். அப்படியானால் பால்வீதி இவ்வளவு காலம் நிலைத்திருக்க முடியாது. பிறகு இன்னொன்று வெளிவந்தது. தன் உருளையும் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உருளையும் ஒரே நேரத்தில் அதிர்ந்ததாக வெபர் ஒரு முடிவு சொன்னார். விசாரித்தால், இரண்டு பதிவுகளின் கடிகாரங்களும் ஒன்றல்ல. ஒன்று அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம், மற்றது கிரீனிச் நேரம். நான்கு மணித்தியால வேறுபாடு. ஒரே நேரத்தில் நடக்காத இரண்டு விடயங்களிடையே அவர் ஒற்றுமை கண்டிருந்தார்.

வெபர் ஏமாற்றுக்காரர் அல்ல. மிகவும் உழைத்தவர். ஆனால் அலை இருக்கிறது என்ற நம்பிக்கையோடு பதிவுகளைத் துழாவினார். எந்த அளவுக்கு மேல் இருந்தால் சமிக்ஞை என்று எடுப்பது என்பதை, பதிவைப் பார்த்துப் பார்த்தே மாற்றிக்கொண்டார். தேடுகிறவன் விதியைப் போகிற போக்கில் மாற்றினால், தேடியது எப்போதும் கிடைக்கும். 1970களின் நடுப்பகுதியில் பெரும்பாலானோர் அவரைக் கைவிட்டனர். கடைசிவரை அவர் தன் முடிவை மாற்றவில்லை. பண உதவி நின்ற பின்னும் தன் உருளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்து, 2000 ஆம் ஆண்டு காலமானார்.

வகுப்பறையில் பிறந்த யோசனை

லைகோவின் வேர் ஒரு வகுப்பறையில் இருக்கிறது. ஆசிரியர்களாகிய நமக்கு இது தனி மகிழ்ச்சி.

ரெயினர் வைஸ் 1932 இல் பேர்லினில் பிறந்தவர். தந்தை யூதரான குடும்பம். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி முதலில் பிராக் நகருக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் ஓடியவர்கள். 1960களின் பிற்பகுதியில் அவர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பொதுச் சார்புக் கொள்கையைக் கற்பிக்க வேண்டி வந்தது. தானும் படித்துக்கொண்டே கற்பித்தார். அப்போது மாணவர்கள் கேட்டார்கள்: “வெபரின் பரிசோதனையை விளக்குங்கள்.”

வெபரின் உருளையை எப்படி விளக்குவதென்று வைஸுக்குப் பிடிபடவில்லை. அதனால் இன்னும் எளிதான வழி ஒன்றை யோசித்து மாணவருக்குப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்தார். அந்தரத்தில் மிதக்கும் இரண்டு பொருட்களுக்கிடையே ஒளியை அனுப்பித் தூரத்தை அளந்தால், ஈர்ப்பு அலை கடக்கும்போது என்ன தெரியும்?

அந்தக் கணக்கு அவரை விடவில்லை. ஒளிக்கற்றை ஒன்றை இரண்டாகப் பிரித்து, செங்குத்தான இரண்டு பாதைகளில் அனுப்பி, கண்ணாடிகளில் தெறிக்கச் செய்து மீண்டும் சேர்த்தால் தலையீட்டுக் கோலம் கிடைக்கும். உயர்தரப் பிள்ளைகளுக்கு இது தெரியும். ஈர்ப்பு அலை ஒரு பாதையை நீட்டி மற்றதைச் சுருக்கும். உடனே கோலம் மாறும். சோவியத் விஞ்ஞானிகள் இருவர் 1962 இலேயே இந்த யோசனையை எழுதியிருந்தனர். வெபரின் மாணவர் ரொபர்ட் ஃபோர்வர்ட் இதே முறையில் முதல் சிறு மாதிரிக் கருவியையும் கட்டினார்.

1972 இல் வைஸ் தன் நிறுவகத்தின் உள்ளறிக்கையில் எழுதியதில் ஒரு சிறப்பு உண்டு. இந்தக் கருவியை எவையெல்லாம் ஏமாற்றும் என்று ஒரு பட்டியல் போட்டார். நில அதிர்வு, வெப்பத்தால் அணுக்கள் துடிப்பது, லேசரின் தடுமாற்றம், கண்ணாடியின் மேல் ஒளியின் அழுத்தம், குழாயில் மிஞ்சிய வாயு, காந்தப்புலம், வளிமண்டல மாற்றத்தால் ஈர்ப்பு மாறுவது. ஒவ்வொன்றும் எவ்வளவு தொல்லை கொடுக்கும் என்று கணக்கிட்டார். அலையைத் தேடத் தொடங்கு முன்னரே, அலையாக வேடம் போடக்கூடியவற்றை எல்லாம் எண்ணி வைத்தார். அந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டுவதே அடுத்த 40 ஆண்டுகளின் வேலையானது.

எட்டு ஆண்டுகள் மௌனம்

கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தின் கிப் தோர்ன், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வந்த ரொனால்ட் டிரெவர் ஆகியோர் வைஸோடு சேர்ந்தார்கள். பணம் கேட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. வெபரின் கதை எல்லோருக்கும் நினைவிருந்தது. உருளை கட்டிப் பார்த்து ஒன்றும் காணாத டோனி டைசன் என்ற விஞ்ஞானியே 1991 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் இதற்கு எதிராகச் சாட்சி சொன்னார். ஆயினும் திட்டம் பிழைத்தது. 1994 இல் பெரி பரிஷ் பொறுப்பேற்று, சிறு குழுவாக இருந்ததை ஓர் ஒழுங்கான பெரும் நிறுவனமாக்கினார். வொஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் லூசியானாவின் லிவிங்ஸ்டனிலும், 4 கிலோமீற்றர் நீளக் கைகளோடு இரண்டு கருவிகள் எழுந்தன.

2002 முதல் 2010 வரை கருவிகள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்றும் வரவில்லை.

அவர்கள் அதை மறைக்கவில்லை. ‘இவ்வளவு பலமான அலை வந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும், தெரியவில்லை’ என்று கட்டுரைக்கு மேல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஓர் உதாரணம் சொல்கிறோம். 2007 பெப்ரவரி 1 இல், அந்திரொமேடா விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து காமாக் கதிர் வெடிப்பு ஒன்று பதிவானது. அங்கே இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதியிருக்கலாம் என்று பலர் நினைத்தார்கள். லைகோவின் பதிவில் எதுவும் இல்லை. மோதல் அந்தக் கூட்டத்தில் நடந்திருந்தால் நிச்சயம் தெரிந்திருக்கும். எனவே அங்கே அப்படி நடக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். கருவியை நன்றாக அறிந்தவனுக்கு அதன் மௌனமும் ஒரு தகவல்.

தம்மைத் தாமே பரீட்சித்தவர்கள்

இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

குழுவுக்குள் சிலருக்கு மட்டும் ஓர் இரகசிய வேலை கொடுக்கப்பட்டிருந்தது. யாருக்கும் சொல்லாமல் கண்ணாடிகளை மெல்ல அசைத்து, உண்மையான அலை வந்ததுபோலப் பொய்ச் சமிக்ஞை ஒன்றை நுழைக்கலாம். நுழைக்காமலும் விடலாம். இப்படி நடக்கக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது என்பது தெரியாது.

2010 செப்டெம்பர் 16 இல் அருமையான சமிக்ஞை ஒன்று வந்தது. பெருநாய் என்ற விண்மீன் குழுவின் திசையிலிருந்து வந்ததுபோல் இருந்ததால் ‘பெரிய நாய்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். தொலைநோக்கிகளுக்கு அறிவித்தல் போனது. மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள், வாதாடினார்கள், ஆய்விதழுக்கான கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் கலிபோர்னியாவில் கூடியிருந்தபோது இரகசியம் திறக்கப்பட்டது. பொய்ச் சமிக்ஞை.

ஆறு மாத உழைப்பு. எழுதிய கட்டுரை அச்சேறவில்லை. ஆனால் உண்மை வந்தால் கண்டுபிடிக்கவும், கண்டதைக் கேள்வி கேட்கவும் தம்மால் முடியும் என்பது நிரூபணமானது. நாங்கள் ஏமாறுகிறோமா என்று பாருங்கள் என்று தம் ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்த ஆயிரம் பேரை நினைத்துப் பாருங்கள். பட்டமும் பதவியும் உள்ளவர்கள் இதற்குச் சம்மதிப்பது இலேசான காரியமல்ல.

இதன் அருமை 2014 இல் இன்னும் தெளிவானது. தென்துருவத்தில் பைசெப் என்ற தொலைநோக்கியை நடத்திய வேறொரு குழு, பிரபஞ்சத்தின் தொடக்க காலத்து ஈர்ப்பு அலைகளின் தடயத்தைக் கண்டதாக மார்ச்சில் அறிவித்தது. உலகமெங்கும் கொண்டாட்டம். மறு ஆண்டு, மற்றொரு விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. நமது பால்வீதியின் தூசியே அப்படித் தோற்றமளித்திருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை

2015 இல் கருவிகள் புதுப்பிக்கப்பட்டிருந்தன. 40 கிலோகிராம் எடையுள்ள ஒவ்வொரு கண்ணாடியும் கிளாஸ்கோ குழுவினர் வளர்த்தெடுத்த நுட்பத்தில் மெல்லிய கண்ணாடி இழைகளில், நான்கு அடுக்கு ஊசலாகத் தொங்கியது. அதிகாரபூர்வப் பதிவு செப்டெம்பர் 18 இல் தொடங்க இருந்தது. அலை நான்கு நாட்கள் முந்திவிட்டது.

முதலில் லிவிங்ஸ்டன். ஏறத்தாழ 7 மில்லிசெக்கன் கழித்து ஹான்ஃபோர்ட். மொத்தமே 0.2 செக்கன். அங்கே இரவு. திரையில் முதலில் கண்டவர் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பணியாற்றிய இத்தாலிய இளைஞர் மார்கோ டிராகோ. நம்பவே முடியாத அளவுக்குத் தெளிவாக இருந்ததால், அவருக்கு வந்த முதல் எண்ணம்: யாரோ பொய்யாக நுழைத்திருக்கிறார்கள்.

விசாரித்தார்கள். யாரும் நுழைக்கவில்லை. வெளியாள் எவனாவது கணினிக்குள் புகுந்து செய்திருப்பானா என்றும் ஆராய்ந்தார்கள். கருவியைச் சுற்றி நில அதிர்வு, காற்று, ஒலி, காந்தப்புலம் எனப் பதிவாகும் இலட்சக்கணக்கான தரவு வரிசைகளைத் தேடினார்கள். அதே செக்கனில் ஆபிரிக்காவின் புர்கினா பாசோவுக்கு மேல் மிகப் பலமான மின்னல் ஒன்று வெட்டியிருந்ததைக் கண்டார்கள். காந்தமானிகளின் பதிவை வைத்துக் கணக்கிட்டபோது, அந்த மின்னலால் இப்படியோர் அசைவைத் தர முடியாது என்று தெரிந்தது. அதன் பிறகே அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இது தற்செயலாக நேர்ந்திருக்குமா? அதற்குப் பயன்படுத்தியது வெபரின் வழிதான். ஒரு கருவியின் பதிவை நேரத்தால் தள்ளித் தள்ளி மற்றதோடு ஒப்பிட்டார்கள். இருவேறு இடங்களின் இரைச்சல் தற்செயலாக இப்படி ஒத்துப்போவது 203,000 ஆண்டுகளில் ஒரு தடவைகூட எதிர்பார்க்க முடியாதது என்று கிடைத்தது. இம்முறை விதிகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தன. பதிவைப் பார்த்துவிட்டு எவராலும் மாற்ற முடியாது.

15 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து மாதங்கள் பொறுத்திருந்தார்கள். வெளியே வதந்திகள் பரவியபோதும் அவர்கள் அவசரப்படவில்லை. 2016 பெப்ரவரி 11 இல் அறிவித்தார்கள். சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுள்ள இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 மடங்கான ஒன்றாயின. மிச்சம் 3 சூரியத் திணிவு அலையாகப் பரவியது.

அன்று வொஷிங்டன் மண்டபத்தில் முதிய பெண்மணி ஒருவரும் அமர்ந்திருந்தார். வானியலாளர் வேர்ஜினியா டிரிம்பிள். வெபரின் மனைவி. அந்த ஆய்வுக் கட்டுரையும் ஈர்ப்பு அலைகளைத் தேடும் பரிசோதனைகள் வெபரிடமிருந்தே தொடங்கின என்று எழுதியது. அவரது அலுமினிய உருளை ஒன்று இன்று ஹான்ஃபோர்டில் காட்சிக்கு இருக்கிறது. அவர் சொன்ன முடிவு பிழை. ஆனால் வழியைத் திறந்தவர் அவர். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு அந்தக் குழுவுக்குத் தயக்கம் இருக்கவில்லை. பிழையை மறைத்து மரியாதை செய்யவில்லை, பிழைக்காக மரியாதையை மறுக்கவுமில்லை.

2017 இல் வைஸ், தோர்ன், பரிஷ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் டிரெவர் காலமாகிவிட்டார். நமது அயலிலும் இந்தத் தேடல் வரப்போகிறது. இந்தியாவின் மகாராஷ்டிராவில் ஹிங்கோலி மாவட்டத்தில் மூன்றாவது லைகோ கருவியை அமைக்க 2023 இல் அந்நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. இன்று பத்தாம் ஆண்டில் இருக்கும் நம் பிள்ளை ஒருவர் நாளை அங்கே போய் வேலை செய்வதற்குத் தூரம் ஒரு தடையல்ல.

ஆனால் அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். பாடசாலை ஆய்வுகூடங்களில் நாம் அடிக்கடி காண்பது: எளிய ஊசலைக் கொண்டு ஈர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் செய்முறையில் பிள்ளைக்கு 9.3 வருகிறது. பக்கத்து மேசையை ஒரு பார்வை. பிறகு அழிறப்பர். பிறகு 9.8. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. புத்தகத்தில் உள்ள விடைக்கே மதிப்பு என்று பரீட்சைகள் பழக்கி வைத்திருக்கின்றன. ஆனால் அந்த 9.3 இல் ஒரு செய்தி இருந்தது. நூலின் நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தோம், அலைவுகளை எண்ணத் தொடங்கியது சரியா, நிறுத்தற்கடிகாரத்தை எப்போது அழுத்தினோம் என்று கேட்க வைத்திருக்கும். அழித்தபோது கேள்வியும் சேர்ந்து அழிந்தது.

லைகோவின் கண்ணாடிகளும் ஊசல்கள்தான். அவற்றின் முன் இருந்தவர்கள் எட்டு ஆண்டுகள் ‘ஒன்றுமில்லை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ஒன்பதாவது ஆண்டில் பதிவை வளைத்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்றுகூட வைத்துக்கொள்வோம். 2015 இல் உண்மை வந்தபோது அவர்களை நம்ப ஆளிருந்திருக்காது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆய்வுகூடத்திலிருந்து வந்து “எனக்குச் சரியாக வரவில்லை” என்று சொன்னால், “வந்ததை எழுதினாயா?” என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால், முதுகில் தட்டிக்கொடுங்கள். மீதியை வகுப்பில் நாம் பார்த்துக்கொள்கிறோம்.